எட்டாவது வீடு எட்டடி

அத்தியாயம் 14

“எட்டடி! எட்டடிக்குள்ள நாங்க நாலு பேரும் படுக்கறதா, வரிசை கட்டி நிக்கறதா? வாயத் தொறந்து சொல்லுங்க மேஸ்திரி!”

“சித்தெ மெதுவாப் பேசு ஜெயக்கொடி. நாலு பேரு பாக்கறாங்க.”

“பாக்கட்டும்! அந்த நாலு பேருக்கும் பதினாறடி அளந்து குடுத்தது நீங்கதான? நின்னு பாக்கறதுக்கு அவங்களுக்கு எடமும் இருக்குது, பொழுதும் இருக்குது!”

ஜெயக்கொடி மேஸ்திரி என்று அழைத்தது வேறு யாரையும் அல்ல, தாலி கட்டிய இன்னாசிமுத்துவைத்தான். நல்ல நாளில் அவர் ‘ஏனுங்க’. கோபம் வந்தால் தொழிலைச் சொல்லிக் கூப்பிடுவாள். அன்றைக்குக் காலை ஏழரை மணிக்கே அவர் மேஸ்திரி ஆகியிருந்தார்.

அவள் வெறுங்கையோடும் வரவில்லை. வாடகை வீட்டிலிருந்து கயிற்றுக் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். தன் வீட்டுக்குத் தோண்டியிருந்த கடைக்கால் பள்ளத்துக்கு நடுவே அதைக் குறுக்காகப் போட்டாள். கட்டில் போக மீதி இருந்தது, ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற இடம்.

நான் எங்கள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மூன்றே துணிதான். அன்றைக்கு என்னவோ அதற்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. போத்தனூர்ப் பக்கத்து நூல் மில் மூடி நான்கு வருஷம் ஆகிறது. வேலை போன எட்டுக் குடும்பத்துக்கு வீடு கட்ட அரசாங்கம் பணம் தருகிறது, நிலம் யாராவது தர வேண்டும் என்றார்கள். அந்த மில்லுக்குப் பருத்தி போட்டுச் செழித்த தம்பிதுரை தன் வீட்டை ஒட்டிய நிலத்தில் ஒரு துண்டைக் கொடுத்தார். வீட்டுக்குத் திட்டம் போட்டது அவர் மகள் மோகனப்பிரியா. சென்னையில் ஐந்து வருஷம் கட்டடக்கலை படித்துவிட்டு வந்தவள், சிமெண்டுப் பெட்டியாகக் கட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். மழைத்தண்ணீருக்குக் குளம் தோண்டி, அந்த மண்ணையே கை எந்திரத்தில் அழுத்திக் கல்லாக்கிச் சுவர். மேலே ஓடு. நடுவில் முற்றமாக வானம் பார்க்கிற வாசல், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உள்ளே வந்து சுற்றிவிட்டுப் போக. பழைய ஊர்த் தெருக்களில் இருப்பதுபோல எட்டு வீடும் தோளோடு தோள் ஒட்டி, ஒரு சுவர் இரண்டு வீட்டுக்கு.

“காங்கிரீட்டுத் தார்சு ஊடு கேட்டா மண்ணு ஊடு தர்றீங்களே அம்மணி” என்று முதலில் முனகியவர்களைக் கூட, போன மாதம் ஒரு மாதிரிச் சுவர் எழுப்பி மத்தியானம் மூன்று மணிக்கு அதில் கன்னத்தை வைத்துப் பார்க்கச் சொல்லி வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

சென்ற புதன்கிழமை முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு ஏதோ கூட்டத்துக்கென்று சென்னைக்கு ரயிலேறினாள். திங்கட்கிழமை காலை போத்தனூர் ஜங்ஷனில் இறங்கி, ஆட்டோவிலிருந்து பையோடு நேரே இந்தச் சண்டைக்குள் வந்து விழுந்தாள்.

“என்னக்கா, கட்டில் எதுக்கு இங்க கெடக்குது?”

“உக்காருங்க அம்மணி. உக்காந்து பாருங்க. இதான் ஊடு. இதான் ஆசாரம், இதான் சமையக்கட்டு, இதான் எல்லாம்.”

மோகனப்பிரியா டேப்பை எடுத்தாள். முதல் வீடு பதினாறடி. அவள் வரைந்தது பதினைந்து. டேப்பின் முனையை யாரோ மடக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்து மறுபடி அளந்தாள். பதினாறு. இரண்டாவது வீடு, பதினாறு. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எல்லாம் பதினாறு. எட்டாவது வீடு எட்டு.

“ஏனுங் மேஸ்திரி, கோடு நான் போட்டதுதானுங்களே?”

“நீங்க போட்டதுதானுங்க அம்மணி.”

“அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?”

“ஒண்ணு ஒண்ணா ஆச்சுங்க.”

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ஒன்று ஒன்றாகத்தான் ஆயிற்று. முதல் வீட்டுக்காரன் கருப்புசாமிக்குப் பதினாறு என்று தெரிந்ததும் இரண்டாம் வீட்டுக்காரர், “ஏனுங் மேஸ்திரி, அவனுக்குப் பதினாறு, எனக்குப் பதினஞ்சுங்களா? ஒரேயொரு அடி எச்சாப் போட்டுருங்க, பக்கத்துக்காரங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றார். இன்னாசிமுத்து “சரிங்க” என்றார். மூன்றாமவர் மோரோடு வந்து கேட்டார். “சரிங்க.” நான்காமவர் கும்பிட்டுக் கேட்டார். “சரிங்க.” மரியாதையாகக் கேட்டவர்களுக்கு மரியாதையாகப் பதில் சொல்லியே ஏழு முளையையும் கிழக்கே நகர்த்திவிட்டார். எட்டாவது வீட்டுக்கு வந்தபோது அந்தப் பக்கம் இட்டேரி வந்துவிட்டது. ஊர் வண்டிகள் போகிற பொதுத்தடம். அதில் ஒரு விரற்கடை கூடத் தொட முடியாது. எட்டாவது வீடு குலுக்கலில் விழுந்திருந்தது மில் வேலை போன அவர் பெண்டாட்டி பெயருக்கு.

இரண்டு நாளாக இதை வீட்டில் சொல்லாமல் மறைத்தார். மறைக்கத் தெரியாத முகம் அவருக்கு. ஜெயக்கொடி அந்த முகத்தைப் பார்த்துத்தான் கட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள்.

“ஏழு கடைக்காலையும் மூடிட்டுத் திருப்பித் தோண்டுங்க” என்றாள் மோகனப்பிரியா.

கருப்புசாமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அம்மணி, வெள்ளிக்கெழமை பூசை போட்டுக் கல்லு எறக்கியாச்சுங்க! பூசை போட்ட கல்லைத் தூக்குனா வமிசத்துக்கு ஆகுமுங்களா?”

“அப்ப எங்க வமிசம்?” என்றாள் ஜெயக்கொடி.

“அதில்லீங்க... எட்டும் நல்ல கணக்குத்தானுங்க. காலண்டர் அட்டைக்குப் பின்னால பாருங்க. எட்டடின்னா பகை ஓடிப்போகும்னு போட்டிருக்குது.”

“எட்டடிக்குள்ள பகை எங்கீங்க ஓடும்? ஓடறதுக்கு எடம் வேண்டாமுங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணிக் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டேன்.

விஷயம் மனையடி சாஸ்திரம். சுவருக்கும் சுவருக்கும் நடுவில் உள்கூட்டு அளவு பதினைந்தடி என்றால் நினைத்த காரியம் கைகூடாது. பதினாறென்றால் செல்வம். எங்கள் பக்கத்தில் வீட்டு வரி ரசீது இல்லாத வீடு உண்டு, இந்தப் பட்டியல் இல்லாத வீடு கிடையாது. ஐந்து வருஷம் படித்த பெண்ணுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை.

“சரி, மேஸ்திரி, மொதல் முளைய யாரு நகத்தச் சொன்னது? கருப்புசாமியா?” என்றாள் மோகனப்பிரியா.

“அய்யோ நானில்லீங்க! வியாழக்கெழமை வந்து பாத்தேன், பதினாறா இருந்துச்சு. நம்ம அம்மணி சாஸ்திரம் தெரிஞ்ச புள்ளைன்னு சந்தோசப்பட்டுட்டுப் போயிட்டேன்.”

எல்லோரும் இன்னாசிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

“என்ற கைத்தப்புதானுங்க அம்மணி.”

“ஒரு அடி எப்படிங்க கைத்தப்பாகும்?”

“ஆயிப்போச்சுங்க.”

அவரை விட்டால் அங்கே நின்ற யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் பால் வாங்க இறங்கியபோது பார்த்தேன். தம்பிதுரையின் மனைவி ராசாத்தாள், தலைக்குக் குளித்து, கையில் மஞ்சளும் குங்குமமுமாக முதல் முளைக்கு அருகில் நின்றிருந்தாள். எதிரே இன்னாசிமுத்து. அவள் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். முளையைப் பிடுங்கி ஒரு அடி தள்ளி அடித்தார். ராசாத்தாள் அதற்குப் பொட்டு வைத்துவிட்டுப் போனாள்.

அந்த ராசாத்தாள் இப்போது தன் வீட்டு வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

திறந்தது மகன் மதன்குமார்.

“இதுக்குத்தான் அப்பவே சொன்னேன். என்ற பிரெண்டு காண்ட்ராக்டர்கிட்டக் குடுத்திருந்தா காங்கிரீட் போட்டு இந்நேரம் கூரை ஏத்தியிருப்பான். மண்ணு, வாசல், காத்துன்னு கதை பேசுனா இப்படித்தான். மொதல்ல மேஸ்திரிய மாத்து. ஏழு ஊடு கட்டு. எட்டாவது ஊட்ட விட்டுரு, அவங்களுக்கு அடுத்த திட்டத்துல பாத்துக்கலாம்.”

“அடுத்த திட்டம் எப்பங்க தம்பி?” என்றாள் ஜெயக்கொடி.

“வரும்போது வருமுங்க.”

“நாங்க மில்லு தொறக்கும்னு கூட இப்படித்தானுங்க நாலு வருசமா உக்காந்திருக்கறோம்.”

மதன்குமாரைக் கெட்டவன் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அப்படி இல்லை. பம்புசெட் மோட்டார் கழற்றி மாட்டுவதில் கையில் சரக்குள்ள பையன். தங்கள் வீட்டுக்கும் முதல் வீட்டுக்கும் நடுவே விட்டுவைத்திருக்கிற இருபதடி நிலத்தில் ஒரு பட்டறை ஷெட் போட எட்டு வருஷமாகக் கேட்கிறான். தங்கச்சி படிப்பு முடியட்டும் என்றார்கள். முடிந்தது. இந்த வேலை முடியட்டும் என்றார்கள். இதற்குள் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் வீட்டில் பெண் நிச்சயமாகி, தையில் கல்யாணம், அதற்கு முன்னால் ஆவணிக்குள் சொந்த இடத்தில் ஷெட் எழும்ப வேண்டும் என்று அவர்கள் சொல்லியனுப்பி, அவன் தகரத்துக்கும் சொல்லிவைத்துவிட்டான்.

மூன்று மணிக்கு வீட்டுத் திட்ட இன்ஜினியர் அளவு பார்க்க வருகிறார். வரைபடமும் நிலமும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. கூட்டம் கலைந்தது. கட்டில் மட்டும் கிடந்தது. ஜெயக்கொடி அதில் உட்கார்ந்துவிட்டாள்.

பத்து மணிக்கு நான் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் ராசாத்தாள் வீட்டுக்குப் போனேன். எங்கள் கொல்லையில் இரண்டு கறிவேப்பிலை மரம் உண்டு. அதை அவர்களும் அறிவார்கள்.

மோகனப்பிரியா முன்கூடமான ஆசாரத்தில் நோட்டுப் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காங்கயம், தாராபுரம் பக்கம் மூன்று மாதம் அலைந்து அளந்த பழைய வீடுகள், நாற்பத்துமூன்று. கதவு உயரம், சுவர் கனம், வாசல் நீளம், எல்லாம் குண்டுகுண்டான கையெழுத்தில்.

“பாருங்கக்கா” என்றாள் என்னிடம். கேட்க ஆள் கிடைத்தால் போதும் என்ற நிலைமையில் இருந்தாள். “பத்து, பதினொண்ணு, பதினாறு, பதினேழு, பத்து, எட்டு, பதினாறு, இருவது. நாப்பத்திமூணு ஊட்டுல ஒண்ணு கூடப் பதினஞ்சு இல்ல. ஒண்ணு கூட.”

“அப்புறம் பதினஞ்சு எங்கிருந்து வந்துச்சு கண்ணு?”

அவள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள்.

“கூட்டி வகுத்தேன். சராசரி.”

எனக்குச் சிரிப்பதா, தலையில் கைவைப்பதா என்று தெரியவில்லை. நாற்பத்துமூன்று வீட்டையும் அளந்து, நாற்பத்துமூன்று வீட்டுக்காரரும் பயந்து ஒதுக்கிய அந்த ஒரே அளவைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதுவும் கணக்கில் பிசகில்லாமல்.

“அளக்கறப்ப யாராச்சும் ஏதாச்சும் சொல்லலையா?”

“காப்பி குடுத்தாங்க. சாப்பிட்டுப் போகச் சொன்னாங்க. அளவ நான் கேக்கல. அவங்களும் சொல்லல.” நோட்டை மூடினாள். “அப்ப தப்பு மேஸ்திரியோடதா, என்னோடதா? எனக்கே வெளங்கலைங்கக்கா. சாஸ்திரத்த நான் நம்பல. ஆனா அதுல குடியிருக்கப் போறது நான் இல்லையே.”

சமையலறை வாசலில் ராசாத்தாள் நின்றாள். கறிவேப்பிலையைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்காமல், தன் கையிலேயே உருவிக்கொண்டிருந்தாள். பாதி இலை தரையில்.

நான் கிளம்பினேன். நேரே வீட்டுக்குப் போய், அவர்கள் மாட்டுக் கட்டுத்தரையை ஒட்டிய எங்கள் மதில் ஓரம் உட்கார்ந்தேன். சுவருக்குக் காது உண்டு என்பார்கள். எங்கள் சுவருக்கு ஒரு நாற்காலியும் உண்டு.

தம்பிதுரை எருமைக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தார். ராசாத்தாளின் குரல் கேட்டது.

“ஏனுங்க, ஒரு சேதி சொல்லோணும். கோவிச்சுக்காதீங்க.”

“சொல்லு.”

“மொதல் முளைய நகத்தச் சொன்னது நான்தான்.”

வாளி கீழே வைக்கப்படும் சத்தம்.

“எந்த முளை?”

“கருப்புசாமி ஊட்டு முளை.”

“அவன் ஊடு எத்தனை அடியா இருந்தா உனக்கு என்ன புள்ள?”

“அவனுக்காக இல்லீங்க. நம்ம புள்ள கட்டற மொதல் ஊடு. பதினஞ்சுன்னா நெனச்ச காரியம் நடக்காதுன்னு போட்டிருக்குது. அவளுக்கு இருவத்தேழு முடியப்போகுது. வந்த சாதகம் எல்லாம் மண்ணு ஊடு கட்டற புள்ளையான்னு திரும்பிப் போகுது. அந்த ஒரு ஊடு மட்டும் நல்ல அளவுல எந்திரிச்சாப் போதும்னு நெனச்சேன். ஏழு பேரும் கேப்பாங்கன்னு நான் கண்டனா?”

“மேஸ்திரி உன்ற பேரச் சொல்லலையே.”

“சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். சரிங்கன்னாரு.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “இன்னைக்கு அந்தப் பொண்டாட்டி அத்தனை பேச்சுப் பேசறா. அந்த மனுசன் மண்ணப் பாத்துட்டு நிக்கறாரு. அவங்களுக்கு ஊடே இல்லாமப் போகுது, அப்பவும் என்ற பேரு வாயில வரல. எனக்குச் சோறு எறங்கலீங்க.”

எருமை மட்டும் மென்றுகொண்டிருந்தது.

“மதனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லாத.”

“ஏனுங்க?”

“சொன்னா உன்னையப் பேசுவான். என்னையப் பேசட்டும். எனக்குப் பழகிப்போச்சு.”

நான் நாற்காலியைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்தேன். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. ராசாத்தாளுக்கும் புரிந்திருக்காது.

மூன்று மணிக்கு இன்ஜினியர் சென்னகேசவன் ஜீப்பில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டைப் பையில் மூன்று பேனா. முதலில் மண் கல் ஒன்றை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டார். உடையவில்லை. மறுபடி போட்டார். உடையவில்லை. தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். ஒரு மூலை மட்டும் உதிர்ந்தது. ‘இதை நான் நம்புவதா வேண்டாமா’ என்பதுபோல மோகனப்பிரியாவைப் பார்த்தார்.

பிறகு டேப்பை நீட்டினார். அதற்கப்புறம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

“ஏம்மா, பிளான்ல பதினஞ்சு. நெலத்துல பதினாறு. கடைசில எட்டு. நான் ஊரு மாறிக் கீறி வந்துட்டனா?”

மோகனப்பிரியா மறைக்கவில்லை. “சரியான ஊர்தாங்க சார். அளவு நான் தப்பாப் போட்டேன். இவங்க சரி பண்ணாங்க. சரி பண்ணதுல ஒரு ஊடு காணாமப் போயிடுச்சு.”

“காணாமப் போன வீட்டுக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?” டேப்பைச் சுருட்டினார். “எட்டுக் குடும்பம், எட்டு வீடு, எல்லாம் ஒரே அளவு. அதான் திட்டம். ஏழு வீட்டுக்கு நான் ஒப்புக்க மாட்டேன். ஒண்ணு குறைஞ்சாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவேன். இடத்துக்காரர் இன்னும் கொஞ்சம் நிலம் எழுதிக் கொடுத்தா, திருத்தின பிளான இன்னைக்கே வாங்கிக்கறேன். நான் அஞ்சு மணிக்குக் கிளம்பணும்.”

தம்பிதுரை முன்னால் வந்தார்.

“மேக்கால இருவதடி இருக்குதுங்க சார். எழுதிக்கங்க. எட்டாவது ஊட்ட மொதல் ஊட்டுக்கு முன்னால கட்டிக்கட்டும்.”

“அப்பா!” மதன்குமாருக்குக் குரல் கிறீச்சிட்டது. “அது ஷெட்டு எடம்!”

“தெரியும்.”

“எட்டு வருசமாக் கேட்டனுங்க. ஈரோட்டுக்காரங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது? மேஸ்திரி பண்ண தப்புக்கு என்ற எடமா? எந்த நாயத்துல குடுக்கறீங்க?”

“குடுக்கறேன். அவ்வளவுதான்.”

“ஏன்னு சொல்லுங்க!”

மோகனப்பிரியாவுக்கும் தலைகால் புரியவில்லை. “அப்பா, அண்ணனக் கேக்காம எப்படிங்கப்பா...” என்று இழுத்தாள்.

“நடிக்காத மோகனா” என்றான் அவன். “நீ கேட்டிருப்ப. நீ கேட்டு இந்த ஊட்டுல எது நடக்கல?”

ராசாத்தாள் இன்ஜினியருக்குக் காபி கொண்டுவந்து நின்றுகொண்டிருந்தாள். “பையன் கேக்கறதுலயும் நாயம் இருக்குதுங்களே...” என்று ஆரம்பித்தாள். அடுத்த வார்த்தையில் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது.

“ராசாத்தா, சாருக்குக் காப்பி ஆறுது” என்றார் தம்பிதுரை.

அவள் காபியைக் கொடுத்தாள்.

அந்த நேரத்தில் இன்னாசிமுத்து ஒரே ஒரு முறை தலையைத் தூக்கித் தம்பிதுரையைப் பார்த்தார். தம்பிதுரையும் பார்த்தார்.

இத்தனை பேர் பேசியும், யாருக்கு வீடோ அவளிடம் ஒருவரும் பேசவில்லை. மோகனப்பிரியாவுக்குத்தான் அது முதலில் உறைத்தது. கட்டிலுக்கு அருகே போய் நின்றாள்.

“அக்கா, உங்களுக்கு எத்தனை அடி வேணும்?”

ஜெயக்கொடி எழுந்து, ஏழு கடைக்காலையும் ஒரு தடவை கண்ணால் நடந்துவிட்டு வந்தாள்.

“பதினாறுங்க அம்மணி. எங்களுக்குச் சாஸ்திரம் இல்ல. ஆனா நாளைக்கு யாரும் என்ற ஊட்டப் பாத்து, ‘மிச்சத்துல கட்டுனது’ன்னு சொல்லிப்போடக் கூடாது. எல்லாருக்கும் என்னவோ அது எனக்கும்.”

“சுவரோட பதினேழரை ஆகும்” என்றார் இன்ஜினியர், தனக்குத்தானே. “மீதி ரெண்டரை அடி.”

ரெண்டரை அடியில் மோட்டார் வேண்டுமானால் நிற்கும், மெக்கானிக் நிற்க முடியாது. மதன்குமார் அதற்கு மேல் அங்கே இருக்கவில்லை. அவன் மொபெட் இட்டேரிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன திசையை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பிதுரை மட்டும் ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, இன்ஜினியரின் மூன்று பேனாவில் எழுதுகிற ஒன்றைத் தேடி வாங்கி, கையெழுத்துப் போட்டார்.

“அப்ப நான் ரெண்டாவது ஊடுங்களா?” என்றான் கருப்புசாமி. அவனுக்கு அதுதான் கவலை.

கட்டிலைத் தூக்க இன்னாசிமுத்து வந்தார். ஜெயக்கொடி ஒரு தலைப்பைப் பிடித்தாள். நான்கடி போனதும் நின்றாள்.

“யாரு சொல்லி நகத்துனீங்கன்னு எங்கிட்டயாச்சும் சொல்லுங்க.”

“கேக்காத ஜெயக்கொடி.”

“பெரிய மனுசரு. சரி, ஏனுங்க, அந்தப் பக்கம் ஒசத்திப் புடிங்க, காலு இடிக்குது.”

‘ஏனுங்க’ என்று காதில் விழுந்ததும் அந்த மனிதரின் தோள் ஒரு சாண் இறங்கியது.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டுக்காரர்கள் நிச்சயத்தை முறிக்கவில்லை. முறித்திருந்தால்கூடத் தேவலை என்று தம்பிதுரை ஒரு நாள் சொன்னார். “ஷெட்டுதானுங்களே, எங்க மண்டிக்குப் பின்னால ரெண்டு காலியாக் கெடக்குது. மாப்பிள்ளை இங்கயே வந்துரட்டும்” என்று மண்டிக்காரர் சொல்லியனுப்பினார். மதன்குமார் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டான். வீட்டோடு மாப்பிள்ளை! எங்கள் தெருவில் அந்த வாரம் முழுக்க யாரும் டி.வி. தொடர் பார்க்கவில்லை, இதுவே போதுமானதாக இருந்தது.

தை பிறந்ததும் எட்டு வீட்டிலும் பால் பொங்கியது. ஜெயக்கொடி குடும்பம் முதல் வீட்டுக்கு, ராசாத்தாள் வேலியை ஒட்டிக் குடிவந்தது. போத்தனூர்ச் சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். இட்டேரி ஓரம் மிஞ்சிய எட்டடியில் ஒரு கூரை போட்டு எட்டுக் குடும்பமும் சைக்கிள் நிறுத்திக்கொள்கிறார்கள். வீடுகளைப் பார்க்கவென்று மோகனப்பிரியாவைத் தேடித் தாராபுரத்திலிருந்து யார் யாரோ வருகிறார்கள். அதில் ஒருவர் மூன்று தடவை வந்தார். வீடு பார்க்க ஒரு தடவை போதுமே என்று எனக்குத் தோன்றியது. ராசாத்தாளுக்கும் தோன்றியிருக்கும், ஆனால் கேட்கிற நிலைமையில் அவள் இல்லை.

கல்யாணம் தைக் கடைசியில் ஈரோட்டில். நாங்களெல்லாம் ஒரு பஸ் பிடித்துப் போனோம். மாப்பிள்ளைக்கு அருகே சகோதரியை நிறுத்தி இணைச்சீர் செய்கிற நேரம் வந்தது. கூடப் பிறந்தவள் பட்டுச் சேலையில் நிற்க, மதன்குமார் சித்தப்பா மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். மோகனப்பிரியா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரவேற்கப் போய்விட்டாள்.

நாங்கள் புறப்படும்போது மதன்குமார் அப்பாவுக்குத் தூரத்திலிருந்து ஒரு கும்பிடு போட்டான். அம்மாவின் காலில் மட்டும் விழுந்து எழுந்தான். அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னான்.

“அந்த ஊட்டுல எனக்காக நாயம் பேசுனது நீ ஒருத்திதாம்மா.”

ராசாத்தாள் அழுத அழுகையைப் பார்த்து, பெற்ற வயிறு அல்லவா என்று சம்பந்தி வீட்டார் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். தம்பிதுரை எழுந்து பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டார். மதன்குமார் ஈரோட்டிலேயே இருந்துவிட்டான்.